கல்யாண கார்டை இறக்க ஒரு ரீடர்: டிரான்சென்ட் ஆர்டிஎஃப்8

எங்கள் ஸ்டுடியோ கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறது. கேமரா பிடிப்பது என் வீட்டுக்காரரும் அவரோடு போகிற தம்பிகளும். படம் பதிவான மெமரி கார்டு ஸ்டுடியோவுக்கு வந்த பிறகு நடக்கிற எல்லாம் என் பொறுப்பு. படத்தை இறக்குவது, பிரிப்பது, கலர் பார்ப்பது, ஆல்பம் டிசைன் செய்து கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்புவது வரை நான்தான். கேமராவைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் போகிற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி விவரமாகப் பேசுகிறவர்கள் குறைவு. அந்த வேலையை நான் செய்கிற கருவி டிரான்சென்ட் கம்பெனியின் ஆர்டிஎஃப்8 என்கிற கார்டு ரீடர். நன்றாக உழைக்கிறது. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை என் மேஜையிலிருந்து பார்த்தபடி சொல்கிறேன்.

முதலில் இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணம் ஒரு வேளையில் முடிகிற காரியம் இல்லை. முதல் நாளே சீர்கள் ஆரம்பித்துவிடும். அருமைக்காரர் முன்னின்று ஒவ்வொன்றாக நடத்துவார். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளுக்கு இணைச்சீர், குடிமகன், அதாவது நாவிதர், நின்று சொல்கிற மங்கள வாழ்த்து, விடிகாலை முகூர்த்தம் என்று போய்க்கொண்டே இருக்கும். மங்கள வாழ்த்து கம்பர் பாடிக் கொடுத்தது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது மணமக்களைவிடச் சுற்றி உட்கார்ந்து கேட்கிற பாட்டிமார் முகம்தான் படத்தில் அழகு. இதில் எதையும் இன்னொரு தடவை செய்து காட்டுங்கள் என்று கேட்க முடியாது. மண்டபத்திலிருந்து கார்டு என் மேஜைக்கு வருகிற நேரத்தில் அத்தனை படமும் கார்டில் மட்டும்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் இன்னும் நகல் கிடையாது. கார்டு ரீடர் என்பது அந்த நேரத்தில் படம் கடந்து போகிற வழி. லட்சக்கணக்கில் கேமராவுக்குக் கொடுத்துவிட்டு, இந்த வழிக்கு மட்டும் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் விற்கிற ரீடரை வாங்குவது எனக்குச் சம்மதம் இல்லை.

எங்களிடம் இருக்கிற முக்கியமான கேமரா கேனன் 5டி மார்க் 3. 2012இல் வந்த மாடல். பழசுதான், ஆனால் வீட்டுக்காரர் அதை விடமாட்டார். அதில் இரண்டு கார்டு போடலாம், ஒன்று சிஎஃப் என்கிற காம்பாக்ட் ஃபிளாஷ், இன்னொன்று எஸ்டி. கேமரா பதப்படுத்தாமல் அப்படியே எழுதுகிற ரா படத்தைச் சிஎஃப் கார்டிலும், சுருக்கி எழுதுகிற ஜேபெக்கை எஸ்டி கார்டிலும் பதிவாக வைத்திருக்கிறோம். 22 மெகாபிக்சல் ரா படம் ஒன்று 25 எம்பிக்கு மேல் வரும். 32 ஜிபி கார்டு நிறைந்தால் ஆயிரத்துக்கு மேல் படம். கூட வருகிற தம்பி ஒருவர் கேனன் ஆர்6 வைத்திருக்கிறார், அதில் இரண்டுமே எஸ்டி. வீடியோ எடுக்கிறவர்களின் ட்ரோனிலிருந்து மைக்ரோ எஸ்டி வரும். ஆக ஒரு கல்யாணத்துக்கு மூன்று வகைக் கார்டு என் மேஜைக்கு வருகிறது.

கேமராவையே கேபிள் போட்டு நேராகக் கம்ப்யூட்டரில் சொருகி இறக்கலாமே என்று புதிதாக ஸ்டுடியோ வைக்கிறவர்கள் கேட்பார்கள். இறக்கலாம். கேமரா வாங்கும்போது பெட்டியில் வருகிற முறையும் பெரும்பாலும் அதுதான். ஆனால் அதில் எனக்குப் பிடிக்காதது நிறைய. கேமரா பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் சார்ஜ் இறங்கினால் இறக்குவது நின்றுபோகும். 5டி மார்க் 3இன் யுஎஸ்பி 2.0 வகை. அதன் கணக்கு நொடிக்கு 480 மெகாபிட் என்றாலும் கைக்குக் கிடைப்பது 30 எம்பி, மிஞ்சினால் 40 எம்பி. கேமரா விண்டோஸில் ஒரு டிரைவாகத் தெரியாது, தனிச் சாதனமாகத்தான் தெரியும். அதனால் நான் வழக்கமாகக் காப்பி எடுக்கிற டெராகாப்பி மாதிரி மென்பொருள் அங்கே வேலைக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல் மேஜை ஓரத்தில் லென்ஸோடு உட்கார்ந்திருக்கிற கேமராவிலிருந்து தொங்குகிற கேபிள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் வருகிற கடை இது. ஒரு காலில் மாட்டினால் போதும்.

சரி, ரீடருக்கு வருவோம். ஆர்டிஎஃப்8இல் சிஎஃப், எஸ்டி, மைக்ரோ எஸ்டி மூன்றுக்கும் தனித்தனி வாய் இருக்கிறது. பழைய சோனி கேமராக்காரர்களின் மெமரி ஸ்டிக்குக்கும் இடம் உண்டு. மைக்ரோ எஸ்டியை அடாப்டருக்குள் போட்டு அதை எஸ்டி வாயில் நுழைக்கிற வேலை இல்லை. அந்த அடாப்டர்கள்தான் தேய்ந்துபோய்க் கழுத்தறுக்கும். ரீடர் உள்ளங்கையில் அடங்குகிற அளவு, எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கார்டு போட்டால் விளக்கு எரியும், படம் போகும்போது மினுக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அந்த விளக்கு ரொம்ப முக்கியம். திரையில் பட்டை 100 சதவீதம் காட்டிய பிறகும் விளக்கு மினுக்குகிறது என்றால் கை கார்டுப் பக்கம் போகக்கூடாது என்று கடைத் தம்பிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சிஎஃப் கார்டு போடுகிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எஸ்டி கார்டின் முதுகில் தட்டையான தங்க நிறப் பட்டைகள் இருக்கும், அது உரசிக்கொண்டு உள்ளே போகும். சிஎஃப் அப்படி இல்லை. கார்டின் ஓரத்தில் 50 நுண்ணிய துளைகள், ரீடருக்குள் ஊசி மாதிரி 50 பின்கள். கார்டை ஒரு பக்கம் சாய்த்து அழுத்தினால் ஒரு பின் வளையும். அதோடு அந்த ரீடர் போச்சு, வளைந்த பின்னோடு இன்னொரு கார்டைத் திணித்தால் கார்டும் போச்சு. கேமராவிலேயே இது நடந்தால் சர்வீஸ் செலவு தனி. அதனால் சிஎஃப் ரீடரில் நான் முதலில் பார்ப்பது கார்டை நேராகப் பிடித்துக்கொண்டு போகிற இருபக்கத் தடம். இதில் கார்டு தடத்தில் உட்கார்ந்ததும் ஆடுவதில்லை. பின்னைத் தொடுகிற நேரத்தில் விரலுக்கு ஒரு மெல்லிய தடை தெரியும், அதைத் தாண்டி நிதானமாக ஒரு அழுத்து. இதற்கு முன்னால் நாங்கள் வைத்திருந்த ஒரு மலிவு ரீடரில் அந்தத் தடம் பேருக்குத்தான் இருந்தது. கார்டு உள்ளே போகும்போது இடதும் வலதும் அசையும். பாதிப் படம் போனதும் இணைப்பு துண்டித்துக்கொண்டு மறுபடி ஆரம்பி என்று நிற்கும். அதை ஒரு முகூர்த்த சீசனோடு தூக்கிப் போட்டோம்.

வேகம். யுஎஸ்பி 3 வகை என்பதால் தடை ரீடரில் இல்லை, கார்டில்தான். எங்களுடைய எஸ்டி கார்டுகள் யுஎச்எஸ் 1 வகை. அந்த வகையின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி, நடைமுறையில் 80, 90 கிடைத்தால் நல்ல கார்டு. 32 ஜிபி நிறைந்த கார்டை யுஎஸ்பி 2.0 வழியாக இறக்க 18 நிமிடம் பக்கம் ஆகும் என்றால், இதில் 6, 7 நிமிடத்தில் முடிகிறது. யுடிஎம்ஏ 7 என்று போட்டிருக்கிற நல்ல சிஎஃப் கார்டு இன்னும் சீக்கிரம் இறங்கும். சாதாரண நாளில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்த நாளில் இரண்டு மண்டபம் ஒத்துக்கொண்டு, மத்தியானம் ரிசப்ஷனுக்கு அதே கார்டு திரும்பக் கேட்கும்போது தெரியும் அதன் அருமை. சத்தி ரோட்டு மண்டபத்திலிருந்து பைக்கில் கார்டு கொண்டுவருகிற தம்பி, “அக்கா, சீக்கிரமுங்க” என்று வாசலிலேயே நிற்பார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிய வேண்டும்.

ஆனால் இந்த வேகம் தானாக வந்துவிடாது. கம்ப்யூட்டரின் எந்த வாயில் சொருகுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். பொதுவாக உள்ளே நீல நாக்கு தெரிகிற வாய்தான் யுஎஸ்பி 3. சிபியூவின் முன்பக்க வாய்கள் பல பெட்டிகளில் இன்னும் பழைய வகையாக இருக்கும். மதர்போர்டிலேயே இருக்கிற பின்பக்க வாயில் போடுவது உத்தமம். ஹப் வழியாகப் போட்டு, அதே ஹப்பில் ஹார்ட் டிஸ்கையும் மாட்டினால் இரண்டும் ஒரே வாய்க்காலில் மல்லுக்கட்டும்.

அடுத்தது கேபிள். ரீடரின் பின்னால் இருக்கிற வாய் அகலமான மைக்ரோ பி வகை, ஒரு பெரிய பாதியும் ஒரு சின்னப் பாதியும் ஒட்டின மாதிரி இருக்கும். வெளியில் மாட்டுகிற ஹார்ட் டிஸ்க்குகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெரிய பாதியில் பழைய ஆண்ட்ராய்டு போனின் சார்ஜர் கேபிள் அழகாக உட்காரும், ரீடரும் வேலை செய்யும். ஆனால் யுஎஸ்பி 2.0 வேகத்தில். எங்கள் கடைத் தம்பி ஒருவர் அவசரத்தில் அப்படித்தான் போன் கேபிளை மாட்டிவிட்டு, “ரீடர் வீணாப்போச்சுங்க அக்கா, ஊர்ந்து ஊர்ந்து போகுது” என்றார். கேபிளை மாற்றினதும் பழைய வேகம் வந்துவிட்டது. உங்கள் ரீடர் திடீரென்று மெதுவானால் முதலில் கேபிளைப் பாருங்கள்.

இனி நான் இறக்குகிற விதம். ரீடர் எவ்வளவு நல்லதானாலும் பாதி பத்திரம் பழக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

எஸ்டி கார்டு என்றால் ரீடரில் போடுவதற்கு முன் அதன் பக்கவாட்டில் இருக்கிற சின்னத் தாழை லாக் பக்கம் தள்ளிவிடுவேன். அப்போது கம்ப்யூட்டரால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. இது எதற்கு என்று கேட்பீர்கள். விண்டோஸில் கார்டு போட்டதும் அது தன் பங்குக்கு ஒரு ஃபோல்டரை அதில் எழுதி வைக்கப் பார்க்கும். சில சமயம் இந்த டிரைவில் கோளாறு இருக்கிறது, ஸ்கேன் செய்து சரி செய்யட்டுமா என்று கேட்கும். படம் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்கிற வரைக்கும் அதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டால் கேன்சல் தவிர வேறு பதில் இல்லை. தாழ் போட்டிருந்தால் யாராவது அவசரத்தில் ஓகே அழுத்தினாலும் படத்துக்கு ஆபத்தில்லை. இந்தத் தாழ் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்து மதிக்க வேண்டியது ரீடரின் வேலை. சிஎஃப் கார்டில் இந்த வசதியே கிடையாது. அதனால் சிஎஃப்பை நான் தவிர வேறு யாரும் இறக்குவதில்லை.

காப்பி மட்டும்தான், கட் கிடையாது. கார்டிலிருந்து கட் செய்து பேஸ்ட் செய்கிற பழக்கம் இருக்கிறவர்கள் இன்றோடு விட்டுவிடுங்கள். வழியில் கரண்ட் போனால் எது எங்கே நின்றது என்று தேட வேண்டிவரும். காப்பி என்றால் கார்டில் இருப்பது அப்படியே இருக்கும், கரண்ட் வந்ததும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நான் டெராகாப்பியில் சரிபார்க்கிற வசதியைப் போட்டு வைத்திருக்கிறேன். காப்பி முடிந்ததும் கார்டில் இருக்கிற ஃபைலையும் டிஸ்க்கில் விழுந்த ஃபைலையும் அது ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்று மாறியிருந்தாலும் சொல்லிவிடும். நேரம் கூட ஆகும். ஆகட்டும்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு தனி ஃபோல்டர். கல்யாணத் தேதி, மாப்பிள்ளை வீட்டு ஊர், கேமரா, எத்தனையாவது கார்டு என்று பேர் போடுவேன். இது வெறும் ஒழுங்குக்காக இல்லை. கேமரா படத்துக்கு வைக்கிற பேர் எட்டு எழுத்துதான், பல கேனன் கேமராக்களில் ஐஎம்ஜி என்று ஆரம்பித்து நான்கு இலக்க எண்ணில் முடியும். 9999 ஆனதும் மறுபடி 0001. அப்படிப் பேர் வைக்கிற இரண்டு கேமராவில் ஒரே பேரில் இரண்டு வேறு படம் இருப்பது சர்வ சாதாரணம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், ஏற்கனவே இருப்பதை மாற்றட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். அந்த இடத்தில் ஒரு அழுத்து தப்பினால், இணைச்சீர் படத்தின் மேல் பந்தியில் இலை போட்ட படம் வந்து உட்கார்ந்துவிடும். தனி ஃபோல்டர் என்றால் அந்தக் கேள்வியே வராது. இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் மண்டபத்துக்குப் போகும் முன்பே ஒன்றாக வைத்துவிட்டால், அப்புறம் எடுத்த நேரப்படி அடுக்குவது சுலபம்.

முதல் காப்பி முடிந்ததும் இன்னொரு டிஸ்க்குக்கு இரண்டாவது காப்பி. இரண்டு இடத்தில் படம் திறக்கிறது என்று நடுவில் நான்கைந்து ராவைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டு தம்பியின் கைக்குப் போகும். அழிக்கிற வேலையைக் கம்ப்யூட்டரில் செய்வதில்லை, கேமராவில் போட்டு அங்கேயே ஃபார்மேட் செய்வார்கள். மத்தியானமே கார்டு திரும்ப வேண்டிய நாளில் சில சமயம் இரண்டாவது காப்பிக்கு நேரம் பத்தாது. அதற்காகவே உபரி கார்டு வைத்திருக்கிறோம், அப்படி ஆனால் புதுக் கார்டு போகும், நிறைந்த கார்டு என் மேஜை இழுப்பறையில் இருக்கும்.

எப்போதாவது ஒரு கார்டு அழிந்துபோய் வந்தால், டிரான்சென்டின் ரிகவர்எக்ஸ் என்கிற மீட்பு மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. ஃபோட்டோரெக் என்று இன்னொன்று, அதுவும் காசு இல்லாதது, பார்க்கக் கரடுமுரடு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தையைப் படம் எடுத்துவிட்டு வந்த ஒரு கல்லூரிப் பையன், கார்டைத் தவறிப்போய் ஃபார்மேட் செய்துவிட்டேன் என்று அழாத குறையாக வந்து நின்றான். அவனுக்கு நல்ல நேரம், அதற்குப் பிறகு அந்தக் கார்டில் ஒரு படமும் எடுக்கவில்லை. தாழைத் தள்ளி ரீடரில் போட்டு ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன். ஃபைல் பேர் எல்லாம் மாறிப்போய் வந்தாலும் குதிரைகள் வந்துவிட்டன. “ரொம்ப நன்றிங் அக்கா” என்று அவன் சொன்னதைவிட, ஒவ்வொரு குதிரையாகத் திரையில் பார்த்து எண்ணிக்கொண்டிருந்த அவன் முகம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலே புதுப் படம் எழுதாமல் இருந்தால்தான் இது நடக்கும். கார்டில் படம் காணவில்லை என்றால் அந்த நொடியே கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றிவிடுங்கள்.

இந்த ரீடரால் முடியாததையும் சொல்ல வேண்டும். ஆர்6 வைத்திருக்கிற தம்பியின் கார்டு சிலது யுஎச்எஸ் 2 வகை. அந்தக் கார்டின் முதுகைத் திருப்பினால் வழக்கமான பட்டைக்குக் கீழே இன்னொரு வரிசைப் பட்டை இருக்கும். அந்த வரிசை இருந்தால் நொடிக்கு 312 எம்பி வரை போக வழி உண்டு. ஆர்டிஎஃப்8 அந்த இரண்டாவது வரிசையைத் தொடாது. கார்டு வேலை செய்யும், ஆனால் யுஎச்எஸ் 1 வேகத்தில். கார்டுக்கு அவ்வளவு காசு கொடுத்தவர்கள் யுஎச்எஸ் 2 படிக்கிற ரீடரைத் தனியாக வாங்குவதுதான் சரி. அதேபோல் இப்போது வருகிற பெரிய கேமராக்களின் சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டு இதில் நுழையவே நுழையாது. பேரில் சிஎஃப் இருக்கிறது என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், அது வேறு ஜாதி, வேறு ரீடர். டைப் சி வாய் மட்டும் இருக்கிற மெல்லிய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் ஒரு மாற்றி தேவைப்படும்.

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. எங்கள் தொழில் கணக்கில் சொன்னால், ஒரு நல்ல கல்யாண ஆல்பத்தின் அட்டைப் பெட்டிக்கு ஆகிற காசுக்குள் முடிந்துவிடும். நான் கோயம்புத்தூர் லேபுக்குப் போன வழியில் காந்திபுரத்தில் வாங்கினேன். ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் இரண்டாக வாங்கி ஒன்றை உபரியாக வைத்துக்கொண்டால் முகூர்த்த நாளில் பின் வளைந்தாலும் கை நிற்காது.

வீட்டில் ஒரே ஒரு எஸ்டி கேமரா, ஊட்டி கொடைக்கானல் போனால் படம் எடுக்கிறவர் என்றால் இது தேவையில்லை. லேப்டாப்பிலேயே எஸ்டி வாய் இருந்தால் அதுவே போதும், மேலே சொன்ன லாக்கும் தனி ஃபோல்டரும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் சிஎஃப் கார்டு ஓட்டுகிற ஸ்டுடியோக்காரர்கள், பழைய 5டி வரிசை வைத்திருக்கிறவர்கள், கல்யாணத்துக்குக் கல்யாணம் வேறு வேறு ஆள்களின் கார்டை வாங்கி இறக்கவேண்டியவர்கள், இவர்களுக்குத்தான் இதை மனசார வாங்கச் சொல்வேன். வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து, அந்த அகலமான வாய்க் கேபிள் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கையோடு ஒரு சிஎஃப் கார்டு கொண்டுபோய் ஒரு தடவை போட்டு எடுத்துப் பார்த்தும் வாங்குங்கள்.